தைத்த நோட்டின் தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

நடுவில் நூல் போட்டுத் தைத்த இருநூறு பக்க நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால், அதனோடு ஒட்டிப் பிறந்த தாள் மறுபாதியில் தனியாக நிற்கும். இரண்டு நாளில் அதுவும் கழன்று விழும். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் கணக்கு நடத்திய காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டு கார்த்திகைக்குள் பாதியாக இளைத்துவிட்டது. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். ஆனால் சமக்குறி ஒன்று வரிசை விலகினால் போதும், முக்கோணத்தின் கோடு துளி தடித்தால் போதும், தாள் கிழிபடும்.

வீட்டுப்பாடம் கேட்டால் பல நாள் "மறந்துவிட்டேன் டீச்சர்" என்பாள். சோம்பல் என்று நினைத்து நானும் கடிந்துகொண்டேன். நான்கு முறை எழுதி நான்கையும் கிழித்தவள் அவள் என்பது பிறகுதான் தெரிந்தது. அரையாண்டுத் தேர்வில் வடிவியல் படம் ஒன்றை ரப்பரால் அழித்து அழித்து, விடைத்தாளே ஓட்டையாகிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த ஐந்து கணக்குகளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றையும் தொடவில்லை.

உளவியலாளர்கள் பூரணத்துவ நாட்டம் என்று சொல்வது இதைத்தான். எல்லாக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் இது வருவதில்லை. நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையும் இதுவும் ஒன்றல்ல. ஆசை இருக்கும் பிள்ளை எழுத உட்காரும். இந்தப் பயம் பிடித்த பிள்ளை எழுதாமல் தள்ளிப்போடும், பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்காது, தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு அழும். கனடா நாட்டு உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். தன்னிடம் குறையே இருக்கக் கூடாது என்பது ஒன்று. பிறரிடம் குறை பொறுக்காதது இன்னொன்று. 'நான் குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை மதிப்பார்கள்' என்று நம்புவது மூன்றாவது. மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புள்ளதாக ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இந்த மூன்றாவதுதான்.

அதை விதைப்பது பெரியவர்களாகிய நாம். குறுவை அறுத்த பணம் அப்படியே பயிற்சி மையத்துக் கட்டணமாகப் போகிற வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையின் படம் பஸ் நிலையத்தில் பிளெக்ஸில் நிற்கிறது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை அதே பிளெக்ஸைப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும்.

என் பங்கையும் சொல்ல வேண்டும். "இவள் எழுதினால் தப்பே வராது" என்று அந்தப் பெண்ணை வகுப்பு முழுவதற்கும் முன்னால் பாராட்டியவள் நான். அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தபோது எனக்கு உறைத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்ற பெயரை வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர், தப்பு வராத வேலைகளையே தேர்ந்தெடுத்தார்கள். கடினமான புதிரில் ஒருமுறை தடுக்கி விழுந்த பிறகு, முன்பு போட்ட அளவுக்குக்கூட அவர்களால் போட முடியவில்லை. நான் கொடுத்த பட்டத்தைக் காப்பாற்றத்தான் அந்தப் பெண் தாள் தாளாகக் கிழித்திருக்கிறாள்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பலரும் அழைத்துப் போகிறார்கள். அங்கே போனால் அவருடைய சிலேட்டைப் பற்றியும் சொல்லுங்கள். காகிதம் வாங்க வசதி இல்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். நாம் பார்த்து வியக்கிற நோட்டில் அந்த அழித்தல்கள் இல்லை. 1913 ஜனவரியில் அவர் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பெரும்பாலான தேற்றங்களுக்கு நிரூபணம் கிடையாது; பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் பிழையும் இருந்தது. அந்தக் கடிதம்தான் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனது.

அந்தப் பெண்ணின் அப்பாவை ஒருநாள் வரச் சொல்லி நோட்டைக் காட்டினேன். ஒரு வேலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நட்ட நாற்றெல்லாம் பிடிக்கிறதா டீச்சர்? வரப்போரத்தில் நாலு முடி நாற்றைப் போட்டு வைத்து, போன இடத்தில்தானே திரும்ப நடுகிறோம்" என்றார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். தப்பாகப் போன கணக்கை ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும்; கிழிக்கவும் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது. அடித்த கணக்கை நானும் படித்து, எந்த வரியில் வழி தவறியது என்று ஓரத்தில் குறிப்பேன். நான் தப்பாகப் போட்டதையும் கரும்பலகையில் அப்படியே விட்டு வைத்தேன். பாதியில் நின்ற வீட்டுப்பாடத்தையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். மதிப்பெண் தாள் வந்தால், போன இரண்டு மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், எந்தக் கணக்கு ரசித்துப் போட்டது என்று கேளுங்கள். பிள்ளை தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, 'நான் இருந்து என்ன பயன்' என்ற தொனியில் ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனை தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெண் ஆண்டு முழுவதும் மூன்று தாள்தான் கிழித்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். கழன்று விழ இருந்த இணைத்தாள் மூன்றையும் பசை போட்டு அவளே ஒட்டியிருந்தாள்.

வணக்கம்.