சுவர் இருந்தாத்தான் சித்திரம்: கில்டி கிரவுன் பத்தி மேடையில பேசினது

(காலேஜ் அனிமே கிளப் ஆண்டு விழாவுல நான் பேசினதை எழுத்துல போடச் சொல்லி நிறைய பேர் கேட்டாங்க. பேசினபடியே போடுறேன், அங்கங்க மூச்சு விட்ட இடத்துல மட்டும் புள்ளி வச்சிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களே, மூணு மணிக்கே வந்து முதல் வரிசையில உக்காந்து எல்லா பசங்க பேச்சையும் பொறுமையா கேட்டுட்டு இருக்குற தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் மேடம் அவர்களே, எனக்கு பாடம் எடுத்த விஸ்காம் துறைத் தலைவர் சார் அவர்களே, பக்கத்து காலேஜ்ல இருந்து வேன் பிடிச்சு வந்திருக்குற தம்பி தங்கச்சிகளே, காலையில இருந்து ஒரு வாய் டீ கூட குடிக்காம ஓடிட்டு இருக்குற கிளப் செகரட்டரி தங்கச்சி, மைக் செட் அண்ணன், எல்லாருக்கும் வணக்கம். பேர் யாராவது விட்டுப் போயிருந்தா மன்னிக்கணும். பொன்னாடைக்கு பதிலா புத்தகம் கொடுத்தீங்க பாருங்க, அதுக்கு தனியா ஒரு நன்றி, எல்லா விழாவுலயும் இதை பழக்கமாக்கணும்னு முதல்வர் மேடம்கிட்ட இங்கயே கேட்டுக்கறேன்.

இன்னிக்கு மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். ஒண்ணு கில்டி கிரவுன்ங்கற ஜப்பான் அனிமேஷன் தொடரை வரைஞ்ச விதம், ரெண்டு அதோட கதை, மூணாவது தமிழ் டப்பிங்ல வர்ற அனிமே. நேரத்தை பாத்துக்கிட்டே பேசுறேன்.

சுவர் இருந்தாத்தான் சித்திரம் எழுத முடியும்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. உடம்பை பாத்துக்கோன்னு சொல்றதுக்குத்தான் வீட்டுல அதை சொல்லுவாங்க, ஆனா படம் வரையற நமக்குன்னே சொன்ன பழமொழி அதுன்னு நான் நினைக்கிறேன். நமக்கு சுவர்னா கதை.

கில்டி கிரவுன் 2011 அக்டோபர்ல ஃபுஜி டிவியோட நொய்டாமினா ஸ்லாட்ல ஆரம்பிச்சு 2012 மார்ச்ல முடிஞ்சது, மொத்தம் 22 எபிசோடு. ஸ்டூடியோ புரொடக்ஷன் ஐஜி. டைரக்டர் டெட்சுரோ அராக்கி, டெத் நோட் பண்ணவர். மியூசிக் ஹிரோயுக்கி சவானோ. கேரக்டர்களை முதல்ல வடிவமைச்சது ரெட்ஜூஸ். இந்த பேரெல்லாம் ஒரே போஸ்டர்ல பாத்தா யாருக்குத்தான் ஆசை வராது? முதல் எபிசோடும் ஏமாத்தல. 2039 டோக்கியோ, பத்து வருஷம் முன்னாடி ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்கு வைரஸ் பரவி நாடே ஜிஹெச்க்யூங்கற பன்னாட்டு படை கையில போயிடுச்சு, அதுல ஷூன்னு ஒரு கூச்ச சுபாவ பையன், இனோரின்னு பாட்டு பாடுற பொண்ணு, அவ நெஞ்சுல இருந்து அவன் அந்த பெரிய வாளை உருவுற சீன் இருக்கே, வெள்ளி இழை இழையா சுத்தி வர, சவானோ மியூசிக் ஏற ஏற, இன்னிக்கு பாத்தாலும் எனக்கு புல்லரிக்கும். நான் கம்பாசிட்டிங், அதாவது வரைஞ்ச படங்களை ஒண்ணா சேர்த்து லைட் போடுற வேலை, பண்ணி சம்பளம் வாங்குறவன், அந்த லைட்டிங்கை ஃபிரேம் ஃபிரேமா நிறுத்தி பாத்திருக்கேன், அதுல குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. கான்செப்டும் சாதாரணம் இல்லைங்க. ஒவ்வொருத்தர் மனசுல இருக்குறதும் ஒரு பொருளா வெளிய வரும், அதுக்கு பேர் வாய்ட், ஒருத்தனுக்கு கத்தரிக்கோல், ஒருத்திக்கு காயத்தை ஆத்துற கட்டுத்துணி. இதை வச்சு எவ்வளவு கதை சொல்லலாம்!

இங்க ஒரு சம்பவம் சொல்லியே ஆகணும், தலைவர் ஐயா அனுமதிக்கணும்.

நாங்க ஹாஸ்டல்ல இருந்தப்போ இதை ப்ரொஜக்டர் போட்டு பாத்தோம், ப்ரொஜக்டர் சீனியர்கிட்ட கெஞ்சி வாங்கினது, திரை யாரோட பெட்ஷீட்டோ. ராத்திரி மெஸ் மூடினதும் பரோட்டா போடுற அண்ணன் தோள்ல துண்டோட வந்து கடைசியா உக்காருவார். ஜப்பானீஸும் தெரியாது, சப்டைட்டில் இங்கிலீஷும் ஓடுற வேகத்துக்கு படிக்க முடியாது, அதனால ஒரு ஜூனியர் பையன் பக்கத்துல உக்காந்து காதுல சொல்லிக்கிட்டே இருப்பான், அவனுக்கு மறுநாள் ஒரு பரோட்டா எக்ஸ்ட்ரா, அது அவங்களுக்குள்ள ஒப்பந்தம். ஆரம்பத்துல ரூம் கொள்ளாத கூட்டம், வாள் உருவினப்போ விசில் பறந்தது. 15ஆவது எபிசோடு வந்துச்சு. ஹாரேன்னு ஒரு பொண்ணு, ஷூ மேல உயிரையே வச்சிருக்கா, அவனை காப்பாத்த அவ சாகுறா. ரூம்ல ஒரு சத்தம் இல்ல. அண்ணன் துண்டை எடுத்து கண்ணை துடைக்கிறார்.

அடுத்த ராத்திரி 16 போட்டோம். பாத்தா ஷூ ராஜா மாதிரி உக்காந்திருக்கான், கூட படிச்ச பசங்களை வாய்ட் ரேங்க் போட்டு பிரிச்சு வேலை வாங்குறான், முகமே வேற. அண்ணன் எழுந்து நின்னுட்டார். "தம்பி நிறுத்துங்க, நடுவுல ஒண்ணு போடாம விட்டுட்டீங்க." இல்லண்ணே, வரிசையாத்தான் போடுறோம்னோம். "இல்ல தம்பி, நேத்து வரைக்கும் எல்லார்கிட்டயும் தயங்கித் தயங்கி பேசின பையன், அந்த பொண்ணு செத்துது, அழுதான், ஆத்திரப்பட்டான், சரி. ஆனா இப்படி கல்லா மாறுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரியாவது தூங்காம கெடந்திருப்பான்ல, அந்த ராத்திரி எங்க?"

சிவில் பையன் ஒருத்தன் லேப்டாப்பை பிடுங்கி ஃபைல் நம்பர் பாக்குறான், 14, 15, 16, எல்லாம் இருக்கு. அண்ணன் நம்பல. 15ஓட கடைசியை திரும்ப போடு, 16ஓட ஆரம்பத்தை திரும்ப போடுன்னு ஒரே கூச்சல், அந்த சத்தத்துல வார்டன் சார் வந்துட்டார், எல்லாரும் போச்சுன்னு நினைச்சோம், அவர் விஷயத்தை கேட்டுட்டு ஒரு சேரை இழுத்து போட்டு உக்காந்து "சரி, அடுத்ததை போடு, அதுல சொல்லுவான்"ன்னார். அடுத்ததுல அந்த ராத்திரி வரல, செத்துப் போனதா நாங்க நினைச்ச, போராளிக் கூட்டத்துத் தலைவன் காய்ங்கறவன் திரும்பி வந்து ஷூவோட வலது கையை வெட்டுறான்! வார்டன் சார் கேக்குறார், "இவன் யாருப்பா, எப்ப வந்தான்?" அண்ணன் சொல்றார், "சார், அதுவும் விட்டுப்போன எபிசோட்லதான் இருக்கும்." (கைதட்டல்)

நீங்க சிரிக்கிறீங்க, நானும் அன்னிக்கு சிரிச்சேன். ஆனா இந்த தொடரை பத்தி அதுக்கப்புறம் எவ்வளவோ படிச்சிட்டேன், அண்ணன் கேட்ட கேள்விக்கு மேல யாரும் கேக்கல. ஹாரே சாவை அவ்வளவு அழகா வரைஞ்சாங்க, அது அந்த பையனுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு காட்ட நேரம் ஒதுக்கல. டா'அத்ன்னு ஒரு ரகசிய கூட்டம் வருது, அவங்களுக்கு என்ன வேணும்னு கடைசி வரைக்கும் நமக்கு பிடிபடல. ஒவ்வொரு எபிசோட்லயும் ஒரு அதிர்ச்சி இருக்கு, ஒரு அதிர்ச்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மனுஷங்க இல்ல. சுவர் இருந்தாத்தான் சித்திரம்!

அதெல்லாம் நம்ம ரசனை, யாரையும் குறை சொல்லாதீங்கன்னு சிலர் சொல்லுவாங்க. அப்படி விட முடியாதுங்க, ஏன்னா கையிலயே ஆதாரம் இருக்கு. கில்டி கிரவுன் ஆரம்பிச்சு சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2012 அக்டோபர்ல, அதே நொய்டாமினா, அதே புரொடக்ஷன் ஐஜி, அதே 22 எபிசோடு, இனோரிக்கு பாடின அதே எகோயிஸ்ட் எண்டிங் பாட்டு, சைக்கோ-பாஸ்ன்னு ஒரு தொடர் வந்துச்சு. கதைக்கு ஜென் உரோபுச்சி. அதுவும் மங்கால, அதாவது ஜப்பான் காமிக்ஸ்ல, இருந்து எடுத்தது இல்ல, புதுசா எழுதினதுதான். இன்னிக்கு வரைக்கும் அதோட நியாய அநியாயத்தை பத்தி சண்டை போடுறோம். இன்னொண்ணு, 2013ல அராக்கியும் சவானோவும் திரும்ப சேர்ந்து அட்டாக் ஆன் டைட்டன் பண்ணாங்க, உலகமே திரும்பி பாத்துச்சு. அங்க இசயாமாவோட மங்கா 2009ல இருந்தே வந்துட்டு இருந்துச்சு, எடிட்டர் படிச்சு, வாசகர் படிச்சு, அடிபட்டு நின்ன சுவர் அது. அதே அராக்கி 2016ல சொந்தக் கதையா கபனேரி எடுத்தார், க்ளோஸப்ல முகத்துக்கு மட்டும் மேக்கப் அனிமேட்டர்னு தனியா ஆள் போட்டு வரைஞ்சாங்க, என்ன அழகு! பாதி தாண்டினதும் பழைய புகார்தான். எழுதினவங்களுக்கு திறமை இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். கில்டி கிரவுன்ல கதைக்கு துணையா இருந்த இச்சிரோ ஒகோச்சிதான் கோட் கியாஸ்ங்கற பேர்போன தொடரை எழுதினவர்.

இப்ப நான் எதுக்கு வந்தேனோ அதுக்கு வரேன். தாளாளர் ஐயா, முதல்வர் மேடம், தயவுசெஞ்சு கொஞ்சம் கேக்கணும். ஒரு எபிசோட்ல சுமார் 300 கட், அதாவது தனித்தனி ஷாட், இருக்கும். ஸ்கிரிப்ட் மீட்டிங்ல "அந்த ராத்திரி எங்க"ன்னு ஒருத்தர் கேட்டா திருத்த ஒரு பேப்பரும் ஒரு நாளும் போதும், 300 கட்டும் வரைஞ்சு கலர் பண்ணி என் மாதிரி ஆள் லைட் போட்டதுக்கு அப்புறம் கேட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இங்க அனிமேஷன் படிக்கிற பசங்களுக்கு ஒவ்வொரு செமஸ்டரும் சாஃப்ட்வேர் லேப் இருக்கு, பிளெண்டர் இருக்கு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இருக்கு, ரொம்ப சந்தோஷம். கதை எழுத ஒரு யூனிட் இருக்கு, ஒரே யூனிட், அதையும் பரீட்சைக்கு முன்னாடி ஒரு மதியத்துல முடிச்சிடறோம். இது எந்த ஸ்டாஃப் தப்பும் இல்ல, பாடத்திட்டமே அப்படி இருக்கு.

நான் கேக்குறது பெரிசு இல்லைங்க. கதைக்குன்னு முழு பேப்பர் ஒண்ணு, செய்முறை மார்க்கோட. ஒரு ரூம், ஒரு போர்டு. ஸ்டோரிபோர்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி கதையை சத்தமா படிக்கணும், அனிமேஷன் தெரியாத ரெண்டு பேர் உக்காந்து கேக்கணும், மெஸ் அண்ணனையே கூப்பிடுங்க, சந்தோஷமா வருவார். இதை வேற ரெண்டு காலேஜ்லயும் கேட்டுட்டு வந்திருக்கேன், எங்க மைக் கொடுத்தாலும் கேப்பேன். சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு துறைத் தலைவர் சார் எனக்கு சொல்லிக் கொடுத்ததுதான், அவரே இந்த கோரிக்கையில முதல் கையெழுத்து போட்டிருக்கார். (கைதட்டல்)

செகரட்டரி தங்கச்சி வாட்சை காட்டுது. தமிழ் டப்பிங் பத்தி பேச நேரமில்ல, அது தனியா ஒரு நாள் பேச வேண்டியது. கோரிக்கை மனு வாசல்ல மேஜை மேல இருக்கு, ரெண்டு பேனா கட்டி வச்சிருக்கோம், பேரும் வருஷமும் எழுதினா போதும், போன் நம்பர் வேண்டாம். பக்கத்து காலேஜ் வேன் ஆறு மணிக்கு கிளம்புதாம், அவங்க முதல்ல போட்டுட்டு போகட்டும், வழி விடுங்க. நன்றி, வணக்கம்.