புகையிலைக் காசில் படித்தவள் பேசுகிறேன்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். புகையிலைச் செய்கை விவசாயிக்கு வரமா, சாபமா? சாபம் எண்டு சொல்லத்தான் வந்தனான்.

ஆனா எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டிட்டுப் போனார். "அக்கா, மூதூர்ப் பக்கத்தில உங்கட அப்பா புகையிலை வித்த காசிலதானே நீங்க படிச்சு டீச்சர் ஆனீங்க? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமோ?" நீங்களும் கை தட்டினீங்கள். கொஞ்சம் பொறுங்கோ.

தம்பி, அந்தக் காசு எங்கயிருந்து வந்தது? என்ர அம்மான்ர கழுத்தில இருந்து! கன்று நட முன்னம் பசளைக்குக் காசு வேணும். தாலிக்கொடி அடகுக்குப் போகும், கழுத்தில மஞ்சள் கயிறு ஏறும். இலை முறிக்கக் கூலிக்குக் காசு வேணும், காப்பும் போகும். இலை வித்ததும் அப்பா மீட்டுக்கொண்டு வருவார். அம்மா கொடியைப் போட்டுக்கொண்டு லோஞ்சில ஏறி, கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டிட்டு வருவா. அடுத்த போகம் திரும்பவும் மஞ்சள் கயிறு.

ஒரு வருஷம் ஏவாரி வந்தார். இலையைத் தடவினார், மணந்து பார்த்தார். "நிறம் காணாது" எண்டு பாதி விலைக்குக் கேட்டார். நெல்லெண்டால் விலை ஏறுமட்டும் வீட்டில வைக்கலாம், பசிச்சால் குத்திச் சமைக்கலாம். புகையிலையைப் பிள்ளையளுக்கு அவிச்சுக் குடுக்கேலுமா? அவர் சொன்னதுதான் விலை. கொடி ஏலத்தில போச்சு. பெரியக்கான்ர கலியாணப் படத்தைப் பாருங்கோ, ஒரு படம் விடாமல் அம்மான்ர ஒரு கை கழுத்தை மூடிக்கொண்டு இருக்கும்.

அப்பான்ர கணக்குக் கொப்பியில பசளை இருக்கும், மருந்து இருக்கும், மண்ணெண்ணெய் இருக்கும். அம்மாவும் நாங்கள் நாலு பிள்ளையளும் மாடாய் உழைச்சதுக்கு ஒரு வரி இல்லை. அதைக் கூட்டாமல் விட்டதாலதான் தம்பிக்கு லாபம் தெரியுது.

விடியக்காலமை பனி காயமுன்னம் இலை முறிப்பம். கையெல்லாம் கறுத்த பிசின். பள்ளிக்கூடத்தில கொப்பித் தாள் விரலோட ஒட்டிக்கொண்டு வரும். தலை சுத்தும், சத்தி வரும். நாவூறு எண்டு அம்மா செத்தல் மிளகாய் சுத்திப் போடுவா. அது நாவூறில்லை. ஈர இலையில இருக்கிற நிக்கொட்டின் தோலுக்குள்ளால ஏறின நஞ்சு. 'பச்சைப் புகையிலை நோய்' எண்டு அதுக்குப் பேர் இருக்கிறது டீச்சரான பிறகுதான் எனக்குத் தெரியும்.

மண்ணைப் பற்றியும் சொல்லவேணும். தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் உறிஞ்சி எடுக்கிற பயிர் இது. புகையிலைத் தொழிலுக்காக உலகத்தில வருஷா வருஷம் 60 கோடி மரம் வெட்டுப்படுது, 2,200 கோடி தொன் தண்ணி போகுது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2022இல சொன்னது. புகையிலைச் செய்கைக்காரருக்கு மாற்று வழி காட்டவேணும் எண்டு சொல்லுற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2003இலயே ஏற்றது. அந்த வழியை எங்கட அப்பாவுக்கு ஒருத்தரும் காட்டேல்லை.

சம்பளம் சேர்த்து அம்மாவுக்கு ஒரு கொடி செய்து கொண்டு போனன். அப்ப அப்பா இல்லை. அம்மா அதைக் கையில வைச்சுத் தடவித் தடவிப் பார்த்தா. "இனி எனக்கெதுக்கு? உன்ர பிள்ளைக்கு வை" எண்டு திருப்பித் தந்தா.

தம்பி, இப்ப சொல்லுங்கோ. நான் ஆற்ற காசில படிச்சனான்?