உயிரைக் காக்கப் பொய் சொன்னால் பாவமா?

[திரையில்: காட்டுக்குள் ஓடி ஒளியும் மனிதர்கள்]

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கௌசிகர் என்றொரு தவசி வருகிறார். எப்போதும் உண்மையே பேசுவது அவர் விரதம். கொள்ளையருக்கு அஞ்சிச் சிலர் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்க, அவர் உள்ளதைச் சொல்லிவிடுகிறார். ஒளிந்தவர்கள் கொல்லப்படுகிறார்கள். விரதம் தவறாத அந்தத் தவசி நரகத்துக்குப் போனார் என்று அர்ஜுனனிடம் சொல்கிறான் கண்ணன்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது 292-ஆம் குறள். குர்ஆன் 16:106-இன்படி, உள்ளத்தில் ஈமான், அதாவது இறைநம்பிக்கை, உறுதியாக இருக்க, நிர்ப்பந்தத்தால் வாயளவில் மறுத்தவர் மீது குற்றமில்லை.

[திரையில்: பார்வோன் முன் இரண்டு பெண்கள்]

பைபிளுக்கு வருவோம். எபிரெய ஆண் குழந்தைகளைப் பிறந்ததுமே கொல்லச் சொல்கிறான் எகிப்து மன்னன் பார்வோன். சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் கொல்லவில்லை. "நாங்கள் போவதற்குள் பிரசவம் ஆகிவிடுகிறது" என்று அவனிடம் சமாளிக்கிறார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்கிறது யாத்திராகமம்.

பழங்காலக் கிறிஸ்தவ ஆயரான புனித அகஸ்டின் இதற்கு வேறு விளக்கம் தந்தார்: பலன் கிடைத்தது அவர்களுடைய இரக்கத்துக்கு, பொய்க்கு அல்ல. ரொம்பக் கறாராகத் தெரிகிறது, இல்லையா? அவர் அதை எழுதிய சூழலையும் பார்க்க வேண்டும். சுமார் 420-இல், தங்கள் நம்பிக்கையை மறைத்து வாழ்ந்த பிரிசில்லியன் என்ற, திருச்சபை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரைக் கண்டுபிடிக்க, நாமும் அவர்களைப் போல நடிக்கலாமா என்ற கேள்வி அவரிடம் வந்தது. கூடாது என்றார். மதத்துக்காகப் பொய் சொல்லலாம் என்றால், அப்புறம் அந்த மதம் சொல்வதில் எதை நம்புவது? இந்த வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை.

ஆனாலும் நான் மருத்துவச்சிகளின் பக்கம்தான். வாசலில் கொலைகாரன் நிற்கும்போது, உள்ளே ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுத்துத் தன் நாக்கின் சுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்வதை இறைபக்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

[திரையில்: பூட்டிய கதவு]

சரி, இதே உதாரணத்தை இன்னொரு கூட்டமும் எடுத்துக்கொள்ளலாம். வழிபாட்டு இடத்தில் நடந்த கொடுமையை, "மதத்தின் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைப்பவர்கள். அது செல்லாது. மருத்துவச்சிகள் பொய் சொன்னது, கொல்லும் அதிகாரம் கையில் இருந்தவனிடம், தங்கள் உயிரையே பணயம் வைத்து. இவர்களோ அதிகாரத்தில் இருப்பவரைக் காப்பாற்ற, பாதிக்கப்பட்டவரிடமே பொய் சொல்கிறார்கள்.