மிதக்காத ‘மிதக்கும் கல்’! 399 ரூபாய்க்கு வந்த எரிமலை

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஆற்று மணல் வீடியோவின் இரண்டாம் பாகம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்தக் கல்லைப் பற்றிப் பேசித் தீர்க்காமல் எனக்கு வேறு எதிலும் மனம் போகாது.

இணையத்தில் ஆர்டர் போட்டு வாங்கியது இது. 399 ரூபாய், டெலிவரிக்குத் தனியாக 60. ஒரே ஒரு கல், உள்ளங்கை அளவு. ‘அசல் பியூமிஸ், தண்ணீரில் மிதக்கும்’ என்று போட்டிருந்தார்கள். கண்ணாடித் தொட்டியில் கல் மிதக்கிற படம் வேறு. பெட்டியைப் பிரித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கறுப்பு நிறம், ஓரமெல்லாம் செம்பழுப்பு, சில ஓட்டைகளில் சுண்டுவிரல் நுனியே நுழைகிறது. இதோ வாளி. போடுகிறேன், பாருங்கள். டொப்! நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால், ‘இயற்கைப் பொருள், நிறமும் வடிவமும் சற்று மாறுபடலாம்’ என்று பதில் வருகிறது. நிறம் மாறியதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! மிதக்கும் என்று காசு வாங்கிவிட்டு மூழ்குகிற கல்லை அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

சரி, இப்போது இந்தப் பையைப் பாருங்கள். அடீனியம் செடிக்கு மண் கலக்க நர்சரியில் விற்கிற வெளிர் சாம்பல் கல். கிலோ 180 ரூபாய். ஒரு கல் இல்லை மக்களே, ஒரு கிலோ! ஒரு கை அள்ளிப் போடுகிறேன். எல்லாம் மேலேயே நிற்கிறது. காலையில் போட்ட கிண்ணம் பக்கத்தில் இருக்கிறது, அதிலும் ஒன்றுகூட மூழ்கவில்லை. காலையிலிருந்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு இதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன். 180 ரூபாய்க்கு இவ்வளவு சந்தோஷம் வேறெதில் கிடைக்கும்?

ஆனால் ஒன்று. மூழ்கிய கல் போலி இல்லை. விற்றவர் சொன்னது தவறு, கல் அசல். அது ஸ்கோரியா. மிதப்பது பியூமிஸ். இரண்டுமே எரிமலையின் நுரை உறைந்து கல்லானதுதான். அப்புறம் ஏன் ஒன்று மிதக்கிறது, ஒன்று மூழ்குகிறது? உலகத்தில் எரிமலைகள் ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன என்பதற்கான பதில் இந்த வாளிக்குள்ளேயே இருக்கிறது.

லென்ஸை எடுத்துக்கொள்கிறேன். பியூமிஸ்: முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள், நடுவில் கண்ணுக்கே எட்டாத பொடிப் பொடிக் குமிழிகள். கல்லில் பாதிக்கு மேல் வெறும் காற்று. பல குமிழிகளுக்குள் தண்ணீர் உடனே நுழைய வழியில்லை, அதனால் மிதக்கிறது. ஸ்கோரியா: குமிழி பெரிது, குமிழிக்குக் குமிழி நடுவே தடித்த சுவர். இந்தச் சுவரில் ஒரு பச்சைப் புள்ளி மின்னுகிறதே, தெரிகிறதா? வெளிச்சத்தில் திருப்புகிறேன். அது ஆலிவின். மாக்மா, அதாவது பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு, ஆறும்போது முதல் வரிசையில் படிகமாகிற கனிமம். சொல்லப்போனால் இந்தப் பச்சைப் புள்ளிக்காகவே அந்த 399-ஐ நான் மன்னித்துவிடுவேன். டெலிவரி 60-ஐ மன்னிக்க மாட்டேன்.

வித்தியாசம் சிலிக்காவில், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மத்தில் இருக்கிறது. ஸ்கோரியா பெரும்பாலும் பிறக்கிற பசால்ட் வகை மாக்மாவில் சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம். பியூமிஸ் பிறக்கிற ரையோலைட் வகையில் 70 சதவீதத்துக்கு மேல். இடையில் ஆண்டசைட், டேசைட். சிலிக்கா கூடக் கூட, சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குழம்பு இறுகிவிடுகிறது. ரசம் கொதித்தால் ஆவி சத்தமில்லாமல் போய்விடும். கேழ்வரகுக் கூழ் கொதித்தால் குமிழி வெளியேற வழி தெரியாமல் உப்பி, வெடித்து, கையில் தெறிக்கும். மாக்மாவிலும் அதே கதை. அதற்குள் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறைந்து அவை வாயுவாகப் பிரிகின்றன. அந்த வாயு சுலபமாக வெளியேற முடிகிறதா, சிக்கிக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி.

சுலபமாக வெளியேறுவதற்கு உதாரணம் ஹவாயின் கிலாவேயா எரிமலை. நான் ராத்திரியில் எதை ஓடவிட்டுத் தூங்குகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் நேரலைக் கேமராதான். 2024 டிசம்பர் 23 அன்று ஹலேமாவுமாவு பள்ளத்தில் தொடங்கிய வெடிப்பு, விட்டுவிட்டுப் பீறிட்டது. சில முறை லாவா, அதாவது வெளியே வந்த மாக்மா, 300 மீட்டருக்கு மேலே எழுந்தது. அவ்வளவு உயரம் எழுந்தும், அங்குள்ள தேசியப் பூங்காவில் மக்கள் தூரமாக நின்று பார்க்க முடிந்தது. அதுதான் பசால்ட். 1,100 டிகிரிக்கு மேல் சூடு, இளகிய குழம்பு, ஓடி ஓடிப் பரவும். அப்படி அடுக்கடுக்காகப் பரவியே பக்கத்திலிருக்கும் மௌனா லோவா கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் சரிவு அவ்வளவு மென்மை, மலை என்றே தோன்றாது. எனக்கு இந்தக் கேடய வடிவ எரிமலைகள்தான் மிகவும் பிடிக்கும். எரிமலை என்றதும் கூம்பு வரைந்து, உச்சியில் சிவப்புப் பெயிண்ட் வழிய விடுகிற தம்ப்நெய்ல்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

வாயு சிக்கிக்கொள்வதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து செயின்ட் ஹெலன்ஸ். 1980-இல் டேசைட் மாக்மா மலைக்குள் ஏறி, வெளியே வழியாமல் உள்ளேயே தேங்கியது. வடக்குச் சரிவு நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று வெளிப்பக்கமாக வீங்கிக்கொண்டே வந்தது. மே 18 காலை 8:32-க்கு நிலம் அதிர்ந்தது. அந்தச் சரிவு முழுக்க சரிந்து விழுந்தது. மேலே இருந்த பாரம் ஒரே நொடியில் போனதும், உள்ளே அடைபட்டிருந்த வாயு மொத்தமும் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வந்தது. 57 பேர் இறந்தார்கள். மலையின் உயரம் 400 மீட்டர் குறைந்தது. அன்றைக்கு அது கக்கியதில் சாம்பலும் பியூமிஸும்தான் அதிகம்.

ஒன்றை விட்டுவிட்டேன், கொஞ்சம் பின்னால் போகிறேன். மாக்மா எங்கிருந்து வருகிறது? கமெண்டில் பலர் ‘கீழே முழுக்க நெருப்புக் குழம்புக் கடல்’ என்று எழுதுகிறீர்கள். இல்லை மக்களே. நாம் நிற்கிற ஓட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் திடமான பாறை. ரொம்பச் சூடு, ஆனால் அழுத்தம் அதை உருக விடுவதில்லை. ஹவாயின் அடியில் சூடான பாறை மெல்ல மேலே எழுகிறது, அழுத்தம் குறைகிறது, உருகுகிறது. செயின்ட் ஹெலன்ஸில் வேறு வழி. அங்கே கடலடியில் இருக்கும் பெரிய பாறைத் தட்டு கண்டத்துக்கு அடியில் நுழைந்து, கூடவே தண்ணீரையும் கொண்டுபோகிறது. தண்ணீர் சேர்ந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். அந்த மாக்மா கண்டத்தின் தடித்த ஓட்டுக்குள் தங்கித் தங்கி ஏறும்போது, சிலிக்கா குறைவான ஆலிவின் மாதிரி கனிமங்கள் முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும். மிச்சக் குழம்பில் சிலிக்கா விகிதம் ஏறும். சுற்றியுள்ள பாறையும் கொஞ்சம் உருகிக் கலக்கும். அந்தமானில் நம் பாரன் (Barren) தீவும் இப்படித் தட்டு நுழைகிற இடத்தில்தான் இருக்கிறது. நாட்டில் இப்போதும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அது. ஆனால் அது கக்குவது பெரும்பாலும் பசால்ட். அதனால் ‘தட்டு நுழைந்தால் பெரிய வெடிப்பு’ என்று ஒரே வரியில் முடிவு கட்டாதீர்கள்.

இதுவரை பேசியது வெளியே வந்து ஆறியதைப் பற்றி. வெளியே வராமலே ஆறுவதும் இருக்கிறது. ரையோலைட் மாக்மா தரைக்கு மேல் வேகமாக ஆறினால் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி, நுரைத்து ஆறினால் பியூமிஸ். அதே குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல ஆறினால் கிரானைட். சரக்கு ஒன்றுதான். ஆறிய இடமும் எடுத்துக்கொண்ட காலமும் வேறு. பசால்ட்டுக்கு அப்படி ஆழத்தில் இருக்கிற சொந்தக்காரர் கேப்ரோ.

இதை நிரூபித்த ஆளை எனக்கு மிகவும் பிடிக்கும். எடின்பரோவைச் சேர்ந்த புவியியலாளர் ஜேம்ஸ் ஹால். பாறை உருகி ஆறினால் கண்ணாடிதானே ஆகும், படிகம் எப்படி வரும் என்று அந்தக் காலத்தில் பலர் மல்லுக்கு நின்றார்கள். ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் மெதுவாக ஆறிய கண்ணாடி, படிகமாக மாறியது அவருக்குத் தெரிய வந்தது. 1798-இல் அவர் உள்ளூர்ப் பசால்ட் வகைக் கல்லை உலையில் உருக்கிப் பார்த்தார். சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி. மெல்ல ஆறவிட்டால் மறுபடி படிகங்கள் நிறைந்த கல். உலையும் பொறுமையும் வைத்துக்கொண்டு அவர் அந்த வாதத்தையே முடித்துவைத்தார்.

இதோ என் மேஜையில் எப்போதும் இருக்கும் கிரானைட் துண்டு, பழைய ஆட்கள் அடையாளம் கண்டிருப்பீர்கள். லென்ஸில் பாருங்கள். மூன்று கனிமங்கள் தெரிகின்றன. இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், ஓரம் நேராக, தட்டையாக இருக்கிறது. கறுப்பு மின்னல் பயோடைட். சாம்பல் நிறத்தில் ஒழுங்கான உருவமே இல்லாமல் சந்து பொந்தெல்லாம் அடைத்திருப்பது குவார்ட்ஸ். அது கடைசியில் படிகமானது, மற்றவை விட்டுவைத்த இடத்தில்தான் அதற்கு உட்கார முடிந்தது. எது முன்னால் உருவானது, எது பின்னால் என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம். இந்த வேலையில் இதைவிடப் பிடித்தது எனக்கு ஒன்றுமில்லை.

அப்புறம், ரையோலைட் பெரிய அளவில் வெடித்தால் என்ன ஆகும் என்று போன வீடியோவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். சுமத்ராவின் டோபா. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்னால். இப்போது அங்கே இருக்கும் டோபா ஏரி 100 கிலோமீட்டர் நீளம், அது எரிமலை உள்ளே சரிந்து விழுந்த பள்ளம். அந்தச் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி இந்தியாவுக்கே வந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அது அடுக்காகக் கிடக்கிறது. அந்த அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் மனிதர்கள் செய்த கற்கருவிகள் கிடைத்ததை 2007-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அங்கே போய் அந்தச் சாம்பலை லென்ஸில் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. போனால் நேராக நேரலைதான்.

கல் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். தயவுசெய்து பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். கல்லை நனைத்து ஒரு படம், உடைந்த பக்கத்தை வெயிலில் வைத்து ஒரு படம். ஓட்டை உள்ள கல்லாக இருந்தால் வாளியில் போட்டு வீடியோ எடுத்து அனுப்புங்கள். அந்த 399 ரூபாய்க் கடையிலிருந்து பதில் வந்தால் கமெண்டில் பின் செய்கிறேன்.