மைக் பிடிக்க மூன்று வருடப் படிப்பு எதற்கு?

வணக்கம் மக்களே. பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் வந்தது, தம்பி தங்கச்சிகள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "அக்கா, ஜர்னலிசம் எடுக்கலாமா?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது மைக்தான். அது தப்பில்லை. ஆனால் அந்த மைக்குக்கு டிகிரி தேவையில்லை.

கல்லூரிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன். வக்கீல் ஆக வேண்டுமென்றால் பார் கவுன்சிலில் பதிய வேண்டும். நிருபர் ஆக நம் நாட்டில் அப்படி எந்தப் பதிவும் கிடையாது, இந்தப் பட்டம்தான் வேண்டும் என்ற சட்டமும் இல்லை. தமிழ் இலக்கியமோ பொருளாதாரமோ படித்துவிட்டு பத்திரிகை அலுவலகத்தில் செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். அப்படியானால் மூன்று வருடம் எதற்கு? என்னைக் கேட்டால் சட்டத்துக்கும், காகிதம், அதாவது ஆவணம் படிக்கப் பழகுவதற்கும்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மதுரைப் பக்கம் விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன்தான் அதிகம் கண்ணில் படும். ஓவியம், புகைப்படம், விளம்பரம், எடிட்டிங் என்று அது வேறு பாதை, நல்ல பாதைதான். இதழியல் என்றால் செய்தி சேகரிப்பது, எழுதுவது, பிழை திருத்துவது, ஊடகச் சட்டம், பத்திரிகை வரலாறு. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் பாடத்திட்டத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சட்டம் என்றேனே, அது சும்மா மனப்பாடப் பகுதி இல்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, வீடு, எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. பெயரை விட்டுவிட்டு "இந்தத் தெருவில் இருக்கிற டீக்கடைக்காரரின் மகள்" என்று எழுதினாலும் அதே குற்றம்தான். போன் இருந்தால் போதும், நானும் ரிப்போர்ட்டர் என்று கிளம்புகிறவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு. "கூறப்படுகிறது" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது கட்டுக்கதை.

சரி, இதைப் படிக்க மதுரை சரியான ஊரா? சென்னைக்குப் போனால்தான் எதிர்காலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆதித்தனார் 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கியதே நம்ம மதுரையில்தான். அதை விடுங்கள், பழம்பெருமை. இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2004-லிருந்து உயர் நீதிமன்றக் கிளை இங்கே இருக்கிறது. தென் மாவட்டத்து வழக்குகள் எல்லாம் ஒத்தக்கடைப் பக்கம் வருகின்றன. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். குறைதீர் கூட்டத்தில் பட்டா கேட்டு, தண்ணீர் கேட்டு மனுவோடு நிற்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு காலைப் பொழுதில் கிடைக்கும் செய்தியை எழுதி முடிக்க ஒரு வாரம் பிடிக்கும்.

காகிதம் படிப்பது என்றால் என்ன? அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்தது. ஊரே கொதித்தது. ஏலம் விட்ட பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். அந்தப் பரப்புக்குள், 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் சுமார் 193 ஹெக்டேர். இதில் "பத்தில் ஒரு பங்குதானே" என்று ஒரு தரப்பு பேசும். "பாரம்பரியத் தலத்தையே தோண்டப் போகிறார்கள்" என்று இன்னொரு தரப்பு பேசும். கணக்கு ஒன்றுதான். அதை யார் எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள், மீதிப் பரப்பில் யாருடைய வயலும் கண்மாயும் கோயிலும் இருக்கின்றன என்று போய்ப் பார்த்து எழுதுவதுதான் நிருபரின் வேலை. போராட்டக் கூட்டத்தை மட்டும் படம் எடுத்து வருவதற்கு எங்கள் சித்தப்பா போதும், அவரிடம் நல்ல கேமரா இருக்கிறது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது தெரிந்திருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் படிக்கும்போதே பயன்படுத்திப் பழகுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் வார்டில் வாய்க்கால் தூர்வாரியதாகச் சொல்கிறார்களே, எவ்வளவு செலவு என்று கேளுங்கள்.

ஆங்கிலம்? வேண்டும். மேடையில் பேச இல்லை, தீர்ப்பைப் படிக்க. தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டாம். தினம் ஒரு உத்தரவை அகராதியோடு படித்தால் இரண்டாம் வருடத்தில் பழகிவிடும். தப்பில்லாத தமிழ்தான் இப்போது அரிதான சரக்கு.

சம்பளம் பற்றி வீட்டில் கேட்பார்கள். ஆரம்பத்தில் குறைவுதான், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. தாலுகா நிருபர் வேலையில் சில இடங்களில் விளம்பரமும் பிடித்துத் தரச் சொல்வார்கள். பிரஸ் மீட்டில் பணம் வைத்த கவர் நீட்டுகிறவர்களும் உண்டு. வாங்கினால் அவரைப் பற்றி அப்புறம் என்ன எழுதுவீர்கள்?

அட்மிஷனுக்குப் போகும்போது கட்டடத்தையும் ஸ்டூடியோவையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் மாணவர்களே நடத்தும் பத்திரிகை இருக்கிறதா, கடைசி இதழ் எப்போது வந்தது, ஊடகச் சட்டம் முழுப் பாடமா ஒரே ஒரு அலகா, பாடம் எடுக்கிறவர்களில் யாராவது செய்தியறையில் வேலை பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கடைசி இதழைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.