121 தோல்வி: யார் கணக்கில் எழுதுவது?

அவையோருக்கு வணக்கம்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பேஸ்பாலை ஒரு ஆட்டம்கூட முழுசாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. தோல்வி என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும். ஐபிஎல் பார்க்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐபிஎல் லீக் சுற்றில் ஒரு அணி 14 ஆட்டம் ஆடுகிறது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 162. மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரைக்கும் ஏறக்குறைய தினமும் ஆட்டம். இன்றைக்குத் தோற்றால் நாளைக்குச் சாயங்காலம் மறுபடியும் களத்தில் நிற்க வேண்டும். உட்கார்ந்து வருத்தப்படக்கூட நேரம் கிடையாது. 2024-இல் லீக்கிலேயே அதிகமாக ஜெயித்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 98 ஆட்டம் ஜெயித்து 64 ஆட்டம் தோற்றது. கோப்பையும் அவர்களுக்குத்தான். சாம்பியனுக்கே 64 தோல்வி! எவ்வளவு மோசமான அணியும் மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் ஜெயித்துவிடும், எவ்வளவு நல்ல அணியும் மூன்றில் ஒரு பங்கு தோற்றுவிடும், மிச்சத்தில்தான் சண்டையே என்று பேஸ்பால்காரர்கள் சொல்வார்கள்.

அதே 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. 41 வெற்றி, 121 தோல்வி. 1900-க்குப் பிறகு மேஜர் லீக்கில் எந்த அணியும் ஒரே வருடத்தில் இத்தனை ஆட்டம் தோற்றதில்லை. அதற்கு முன்னால் அந்தப் பெயரைச் சுமந்தது 1962-இன் நியூயார்க் மெட்ஸ், 120 தோல்வி.

ஒரே ஒரு ஆட்டம்தான் வித்தியாசம். ஆனால் மெட்ஸை நியூயார்க் கொஞ்சியது. ஒயிட் சாக்ஸின் கடைசி உள்ளூர் ஆட்டங்களில் ரசிகர்கள் "டீமை விற்றுவிடு" என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். இது ஏன் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

மெட்ஸை முதலில் பார்க்கலாம். மேஜர் லீக்குக்குள் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு உண்டு. நியூயார்க்கில் நேஷனல் லீக் அணிகள் இரண்டு இருந்தன, டாட்ஜர்ஸும் ஜெயன்ட்ஸும். 1957 சீசன் முடிந்ததும் இரண்டும் மூட்டை கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டன. லட்சக்கணக்கான ரசிகர்கள் அணியில்லாமல் தவித்தார்கள். ஊரின் இன்னொரு அணியான யாங்கீஸ் இருந்ததே என்று கேட்பீர்கள். ஒரு டாட்ஜர்ஸ் ரசிகரை யாங்கீஸுக்குக் கைதட்டச் சொல்வது நடக்கிற காரியமா? 1962-இல் மெட்ஸ் பிறந்தது. டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜெயன்ட்ஸின் ஆரஞ்சையும் எடுத்துக்கொண்டது. ஜெயன்ட்ஸ் விட்டுப்போன போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்திலேயே ஆடியது. ஆட்டக்காரர்கள்? மற்ற அணிகள் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தவர்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள். மேனேஜர், அதாவது பயிற்சியாளர், கேசி ஸ்டெங்கல்; யாங்கீஸுக்கு ஏழு முறை வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். ஆரம்பத்திலேயே தொடர்ந்து 9 தோல்வி.

மார்வ் த்ரோன்பெரி கதையைச் சொல்லாமல் மெட்ஸைப் பற்றிப் பேச முடியாது. ஜூன் 17, சிகாகோ கப்ஸோடு ஆட்டம். பந்தை அடித்தவர் பேஸ் என்ற இடங்களை வரிசையாக மிதித்தபடி ஓட வேண்டும். த்ரோன்பெரி பந்தை ஓங்கி அடித்துவிட்டு மூன்றாவது பேஸ் வரைக்கும் ஓடினார். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. அம்பயர், "அவுட்" என்கிறார். ஓடும்போது முதல் பேஸை மிதிக்கவில்லையாம். ஸ்டெங்கல் சண்டைக்குக் கிளம்பினார். "வேண்டாம், அவன் இரண்டாவது பேஸையும் மிதிக்கவில்லை" என்று சொல்லி அவரைத் தடுத்தார்கள் என்பார்கள். அடுத்து வந்த சார்லி நீல் ஹோம் ரன் அடித்தார். ஸ்டெங்கல் வெளியே வந்து, ஒவ்வொரு பேஸாகக் கைகாட்டி, இதை மிதி, அதை மிதி என்று அவரைச் சுற்றி வரச் செய்தாராம். அந்த ஆட்டத்தை மெட்ஸ் ஒரே ரன் வித்தியாசத்தில் தோற்றது.

த்ரோன்பெரி நியூயார்க்கின் செல்லப்பிள்ளை ஆனார். ஜெயன்ட்ஸ் கிளம்பிப்போன 1957-இல் அதே மைதானத்துக்கு வந்தவர்கள் ஆறரை லட்சம் பேர். 120 ஆட்டம் தோற்ற மெட்ஸைப் பார்க்க வந்தவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். அடுத்த வருடம் 111 தோல்வி, கூட்டமோ பத்து லட்சத்தைத் தாண்டியது! யாரும் இவர்களை ஏமாற்றவில்லை. கையில் இருந்ததை வைத்து ஆடினார்கள், தோற்றார்கள். அது ரசிகனுக்குப் புரிந்தது.

சரி, சிகாகோவுக்கு வருவோம்.

ஒயிட் சாக்ஸ் நேற்றுப் பிறந்த அணி இல்லை. நூறு வருடத்துக்கு மேல் பழையது. 2005-இல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தைக் காலரியில் உட்கார்ந்து பார்த்த ஒரு பாதிரியார்தான் இப்போது போப் பதினான்காம் லியோ. சாக்ஸ் ரசிகராக இருப்பதற்குப் பொறுமை வேண்டும் என்று இதை வைத்து ஒரு ஜோக் ஓடுகிறது.

2021-இல் இந்த அணி 93 ஆட்டம் ஜெயித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அப்புறம் வெற்றிக் கணக்கைப் பாருங்கள்: 2022-இல் 81, 2023-இல் 61, 2024-இல் 41. யாரோ பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இறக்கின மாதிரி இருக்கிறது.

2023 ஆகஸ்டில் முதலாளி ஜெரி ரைன்ஸ்டார்ஃப் அணி நிர்வாகத்தின் மேலதிகாரிகள் இருவரை அனுப்பினார். புது ஆளை வெளியே தேடவில்லை, அதே அலுவலகத்தில் இருந்த கிறிஸ் கெட்ஸையே உட்கார வைத்தார். 2024 சீசன் தொடங்கும் முன்பே முக்கியமான பிட்சர், அதாவது பந்து எறிபவர், டிலன் சீஸ் சான் டியேகோவுக்குப் போய்விட்டார். ஜூலை 25 அன்று எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு ஆட்டம் முழுவதையும் எறிந்து முடித்தார். பிட்சருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது. அவர் விட்டுவந்த சிகாகோவோ அந்த நேரத்தில் தொடர் தோல்வியில் இருந்தது. ஜூலை மாத இறுதியில் இன்னும் சிலரை அனுப்பினார்கள். அதில் மைக்கேல் கோபெக் டாட்ஜர்ஸில் சேர்ந்து அந்த வருடமே சாம்பியன் ஆகிவிட்டார்.

மிச்சம் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது? முதல் 25 ஆட்டத்தில் 22 தோல்வி. மே 23 அன்று பால்டிமோருக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் துரத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அடித்த பந்து உள்வட்டத்தில் உயர எழும்பியது. இரண்டாவது பேஸ் பக்கம் நின்ற ஆண்ட்ரூ வான் ஃபீல்டரின் வழியை மறித்தார் என்று அம்பயர் தீர்ப்பு. அடித்தவரும் அவுட், மறித்தவரும் அவுட்; ஒரே பந்தில் ஆட்டம் முடிந்தது. 8-6. தோற்கிற காலத்தில் ரூல் புத்தகம்கூட எதிரிதான்.

ஜூலை 10-இல் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி, அமெரிக்கன் லீக்கில் 1988-இன் பால்டிமோர் வைத்திருந்த ரெக்கார்டுக்குச் சமம். 6-ஆம் தேதி ஓக்லண்டில் ஒருவழியாக ஜெயித்தார்கள். 8-ஆம் தேதி மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் கணக்கில் 28 வெற்றி, 89 தோல்வி. அவருக்குப் பதில் வந்த கிரேடி சைஸ்மோர் 13 ஜெயித்து 32 தோற்றார். அவரும் மந்திரவாதி இல்லையே.

காயங்கள்தான் காரணம் என்று ஒரு கட்சி உண்டு. லூயிஸ் ராபர்ட், எலோய் ஹிமெனெஸ், யோவான் மொங்காடா மூன்று பேரும் சீசன் தொடங்கிய சில வாரங்களுக்குள் படுத்துவிட்டார்கள், உண்மைதான். காயம் எல்லா அணிக்கும் வருகிறது. அடுத்த வரிசையில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இங்கே இல்லை. வருடம் முழுக்க அடித்த ரன்கள் 507, லீக்கிலேயே கடைசி. பிட்சர் காரெட் கிரோஷே 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சரின் பெயரிலும் எழுதுவார்கள். அப்படி எறிந்தவருக்குக் கணக்கில் விழுந்தது 6 வெற்றி, 12 தோல்வி. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான்?

வேண்டுமென்றே தோற்பதும் இந்த லீக்கில் நடந்திருக்கிறது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் 2013 வரை 106, 107, 111 என்று தோற்றது. கடைசியில் நின்றால் இளம் வீரர்கள் தேர்வில் முதல் வாய்ப்பு கிடைக்கும், அப்படிச் சேர்த்த பையன்களோடு 2017-இல் கோப்பை வாங்கியது. அந்தக் கோப்பைக்குப் பின்னால் எதிரணியின் சைகைகளைத் திருடிய அசிங்கம் வேறு இருக்கிறது, அது தனிச் சொற்பொழிவுக்கான விஷயம். இப்போது முதல் ஆறு இடங்களுக்கும் குலுக்கல். பெரிய ஊர் அணி இரண்டு வருடம் அடுத்தடுத்துக் குலுக்கலில் இடம் பெறக் கூடாது என்றும் விதி. அதனால் 121 ஆட்டம் தோற்ற ஒயிட் சாக்ஸுக்கு 2025 தேர்வில் கிடைத்தது 10-ஆவது இடம். தோற்றதற்கான கூலியும் போச்சு.

நிர்வாகமே தோல்வியை உற்பத்தி செய்த கதைகளில் மிகக் கொடியது 1899-இன் கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸ். ராபிசன் சகோதரர்கள் கிளீவ்லண்டோடு செயிண்ட் லூயிஸ் அணியையும் வாங்கினார்கள். ஒரு முதலாளிக்கு இரண்டு கடை இருந்தால் நல்ல சரக்கு வியாபாரம் ஓடுகிற கடைக்குத்தானே போகும்? பெரிய பிட்சரான சை யங் உட்பட நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் செயிண்ட் லூயிஸுக்குப் போனார்கள். கிளீவ்லண்ட் 20 ஜெயித்து 134 தோற்றது. ரசிகர்கள் வராததால் பெரும்பாலான ஆட்டங்களை வெளியூரிலேயே ஆடினார்கள். அடுத்த வருடம் அந்த அணியே இல்லை.

சிகாகோ அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் 1981 முதல் அணியை வைத்திருக்கும் முதலாளி, அதே 2024-இல், அரசுப் பணத்தோடு புது மைதானம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், 121-இல் பெரும்பகுதியை அந்த அலுவலகத்தின் பெயரில்தான் எழுத வேண்டும். ரசிகர்களும் அப்படித்தான் எழுதினார்கள். 2022-இல் 20 லட்சம் பேர் வந்த மைதானத்துக்கு 2024-இல் 14 லட்சம் பேர்கூட வரவில்லை.

செப்டம்பர் கடைசி வாரம் 120 தோல்வியோடு ஊருக்குத் திரும்பினார்கள். சரித்திரத் தோல்வியை நேரில் பார்க்கலாம் என்றே சிலர் டிக்கெட் வாங்கினார்கள். ஏஞ்சல்ஸ் அணியை மூன்று ஆட்டத்திலும் ஜெயித்துத் தொலைத்தது ஒயிட் சாக்ஸ்! கூட்டத்துக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை, முதலாளியைத் திட்டுவதை மட்டும் விடவில்லை. 121-ஆவது தோல்வி 27-ஆம் தேதி டெட்ராய்ட்டில் வந்தது, 4-1. அதே ராத்திரி, அதே மைதானத்தில், டெட்ராய்ட் டைகர்ஸ் பத்து வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப் போவதைக் கொண்டாடியது. மிச்சமிருந்த இரண்டு ஆட்டத்தையும் ஒயிட் சாக்ஸ் ஜெயித்தது.

2025-இல் 60 வெற்றி, 102 தோல்வி. முந்தின வருடத்தைவிட மேல் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வருடம் ஜூனில் ஜஸ்டின் இஷ்பியா என்ற தொழிலதிபரோடு ரைன்ஸ்டார்ஃப் ஓர் ஒப்பந்தம் போட்டார். அதன்படி 2029-இலிருந்து 2033 வரை, அணியை அவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது ரைன்ஸ்டார்ஃபின் இஷ்டம். 2034-க்குப் பிறகுதான் இஷ்பியா தானாகக் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். "விற்றுவிடு" என்று கத்தியவர்கள் அதுவரைக்கும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.