லிஸ்பனில் மூன்று நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் நான் தங்கிய விடுதியை ஒரு வயதான அம்மா நடத்தி வந்தார். என் கையில் சாவியைக் கொடுத்து "ஷாவ்" என்றார். அறைக்குள் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு "ஜனேலா" என்றார். எனக்குச் சிலிர்த்துப் போனது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, இலங்கையில் சொல்கிற சப்பாத்து, எல்லாமே போர்த்துகீசியரோடு கப்பலேறி நம்மிடம் வந்த சொற்கள். 1554-ஆம் ஆண்டு, தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட ஒரு சின்ன மறைநூல் வெளிவந்ததும் இதே ஊரில்தான்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் பத்து நாளில் ஆறு நாடு என்று ஓடுகிறார்கள். பாதி நேரம் பேருந்திலேயே போய்விடும். ஒரே ஊரில் மூன்று நாள் தங்கி, நடந்து பாருங்கள் என்பேன். அதற்கு லிஸ்பன் மிகவும் ஏற்ற ஊர். ஆனால் போவதற்கு முன் ஒரு தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1755 நவம்பர் 1.

அன்று புனிதர் அனைவரின் திருநாள். காலையில் தேவாலயங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தபோது நிலம் நடுங்கியது. இடிபாடுகளில் தீ பிடித்தது. வெட்டவெளி என்று நம்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் மீது கடல் ஏறி வந்தது. இது தெரிந்தால், ஒவ்வொரு தெருவிலும் எது தப்பியது, எது திரும்பக் கட்டியது என்று உங்கள் கண்ணே பிரித்துப் பார்க்கும்.

ஆற்றை ஒட்டிய பாய்ஷா பகுதியில் தெருக்கள் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக ஓடும். பொம்பால் என்ற அமைச்சர் பொறுப்பேற்று எழுப்பிய புதிய நகரம் அது. சுவருக்குள்ளே மரச் சட்டங்களால் கூண்டு கட்டி, அதன்மேல் பூசினார்கள். மாதிரிக் கட்டடம் ஒன்றைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து நடக்கவிட்டு, அந்த அதிர்வைத் தாங்குகிறதா என்று பார்த்ததாகச் சொல்வார்கள். தெருப் பெயர்களையும் படித்துக்கொண்டே நடங்கள். பொன் தெரு, வெள்ளித் தெரு, அப்புறம் சப்பாத்தெய்ரூஸ் தெரு, அதாவது செருப்புத் தைப்பவர்கள் தெரு. நம் சப்பாத்து அங்கே பெயர்ப் பலகையில் நிற்கிறது!

அங்கிருந்து மேட்டில் ஏறினால் கார்மோ மடம். கூரை விழுந்த தேவாலயத்தை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கல் வளைவுகள் வெறும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. நான் அங்கே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் எனக்கு அதுதான்.

நிலநடுக்கத்துக்கு முந்தைய ஊரைப் பார்க்க வேண்டுமா? ஓடுகளுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அசுலேஜு என்கிற நீல வெள்ளை ஓடுகளில், ஏறக்குறைய 23 மீட்டர் நீளத்துக்கு, 1700 வாக்கில் இருந்த லிஸ்பனை வரைந்து வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அல்ஃபாமா மேட்டுக்குப் போனால், பெருமளவு தப்பிய பழைய சந்துகளிலேயே நடக்கலாம். அரபு மொழியிலிருந்து வந்த பெயர் அது. வழி தவறினால் கவலை வேண்டாம், கீழ்நோக்கி இறங்கினால் ஆறு வந்துவிடும். கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம்.

மஞ்சள் நிற 28-ஆம் எண் டிராம் இந்த மேடுகளில் முக்கி முனகி ஏறும். எல்லாரும் மார்த்திம் மொனீஸில் வரிசை கட்டுவார்கள். நீங்கள் மறுமுனையான காம்போ த ஓரீக்கில், காலையிலேயே ஏறிவிடுங்கள், ஜன்னலோரம் கிடைக்கும். பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒன்று. உட்கார்ந்ததும் ரொட்டியும் ஆலிவும் கேட்காமலே மேசைக்கு வரும். தொட்டால் காசு, வேண்டாமென்றால் எடுத்துப் போகச் சொல்லலாம். சைவக்காரர்கள் கீரை சூப்பைக்கூடக் கேட்டுவிட்டே வாங்குங்கள், அதில் பெரும்பாலும் இறைச்சித் துண்டு கிடக்கும்.

ஒரு நாளைப் பெலேம் பகுதிக்கு ஒதுக்குங்கள், திங்கட்கிழமை வேண்டாம், அங்குள்ள மடம் மூடியிருக்கும். ஜெரோனிமோஸ் மடத்தின் கல்லில் கயிறும் கடற்செடியும் செதுக்கியிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து வந்த வாசனைப் பொருள் வணிகத்தின் வரிதான் அதைக் கட்டியது. 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அந்தத் தேவாலயத்துக்குள் இருக்கிறது. நம் கரையில் அதற்குப் பின் பாய்ந்த ரத்தத்தை நினைக்காமல் என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. பக்கத்திலேயே 1837 முதல் விற்கிற முட்டைப் பாலேட்டுப் பணியாரம். சூடாக வாங்கி, மேலே பட்டைத்தூள் தூவிச் சாப்பிடுங்கள்.

இரவில் ஒரு ஃபாதூ பாட்டுக் கேளுங்கள். பாடத் தொடங்கியதும் விளக்கைத் தணிப்பார்கள், கரண்டிச் சத்தம்கூட இருக்காது. நீங்களும் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கடைசி மாலையில் ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கு வாருங்கள். வணிகச் சதுக்கம் என்று அதற்குப் புதுப் பெயர் வைத்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஊர்க்காரர்களோ இன்னமும் தெரெய்ரூ து பாசூ, அரண்மனை முற்றம், என்கிறார்கள். மெட்ரோ நிலையத்தின் பெயரும் அதுவே. அந்த அரண்மனை 1755-இல் போய்விட்டது. நீருக்குள் இறங்கும் படிகளில் உட்காருங்கள், ஓதம் ஏறும்போது கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாக மறையும்.

வணக்கம்.